பேயின் கடைசி வசனம்

பேய்ப் படம் பார்க்க வந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பதை, அந்தப் படத்தின் இயக்குநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நான் பார்த்தேன். இயக்குநர் என் அண்ணன். படத்தை வெட்டி ஒட்டிய எடிட்டர் நான். ஆகவே பாதிச் சிரிப்பு என்னைப் பார்த்துத்தான்.

படத்தின் பெயர் 'போ வெளியே'. கதை என்று ஒன்று இருந்தால் சொல்லலாம். ஒரு பழைய வீட்டுக்குப் புதுசாகக் கல்யாணமான ஜோடி குடிவருகிறது. வீட்டில் ஒரு கிழவரின் பேய். அது "போ வெளியே" என்று கத்துகிறது. அவர்கள் போகவில்லை. மறுபடியும் கத்துகிறது. அவர்கள் ஏன் போகவில்லை, அது ஏன் கத்துகிறது என்பதெல்லாம் எழுதியவனுக்கே வெளிச்சம். எழுதியவனும் என் அண்ணன்தான்.

பணம் போட்டவர் டைல்ஸ் கடைக்காரர். குளியலறைக் காட்சியைத் தன் ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அதனால் சுண்ணாம்பு உதிரும் அந்த வீட்டில் ஒரு கதவைத் திறந்தால் உள்ளே பளபளவென்று அரண்மனை தெரியும். பேய் அதில் வழுக்கிவிடாமல் நடக்கப் பட்ட பாடு பெரும்பாடு. போதாத குறைக்குப் பேயாக நடித்தவர் கைக்கடிகாரத்தைக் கழற்ற மறந்திருந்தார். பேயிடம் மணி என்ன என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் மரியாதையாகக் கேட்டார். அன்றைய காட்சியில் அதுதான் நல்ல வசனம்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் அரங்கம் அடங்கியது. கதாநாயகி கூடத்தில் விளக்கைத் தேடும்போது, பின்னால் மாடிப்படியில் ஒரு நிழல் மெதுவாக இறங்கும். பாதியில் நின்று அவளைப் பார்க்கும். பிறகு ஏறிப் போய்விடும். அது திரைக்கதையில் இல்லாத நிழல். என்ன என்று எனக்கும் அண்ணனுக்கும் தெரியும், நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. 

கடைசிக் காட்சி வந்தது. பேய் கூடத்தின் நடுவில் நின்று வாயை அகலமாகத் திறந்தது. வீடே அதிர "போ வெளியே" என்று அலறப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அலறல் வரவில்லை. அகலத் திறந்த அந்த வாயிலிருந்து, களைத்துப்போன ஒரு சாதாரண மனிதக் குரல் தணிவாக வந்தது.

"சரி, போதும். உள்ள வா. கதவைச் சாத்திட்டு வா."

அரங்கம் சிரிப்பில் ஆடியது. இவ்வளவு நேரம் போ போ என்று கத்திவிட்டு இப்போது வா என்கிறதே, பேய்க்கே கதை புரியவில்லை போலிருக்கிறது என்று முன்னால் இருந்தவர் தன் மனைவியிடம் சொன்னார். எனக்கு உடம்பு முழுக்க மயிர்க்கூச்செறிந்தது. அது படத்துக்காக மாற்றிய குரல் இல்லை. சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் செம்பை நகர்த்தச் சொல்லும் குரல். எங்கள் அப்பாவின் வீட்டுக் குரல். அப்பாவை அடக்கம் செய்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அவர் குரல் அந்த இருட்டில் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் தலைக்கு மேலிருந்தும் ஒரே நேரத்தில் உள்ளே வா என்றது.

அண்ணன் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தான். சிரிப்பு ஓய்வதற்கு முன்பே எழுந்துவிட்டான்.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் பின்னணிக் குரல் கொடுப்பவர். முகம் யாருக்கும் தெரியாது, குரல் எல்லோருக்கும் தெரியும். வில்லன், நீதிபதி, குடிகாரன், விளம்பரத்தில் பேசும் மாடு என்று அவர் பேசாத வாய் கிடையாது. மளிகைக் கடையில் அவர் சர்க்கரை கேட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். வேலையில் அவருக்கு ஒரே ஒரு விதி இருந்தது. ஒலிப்பதிவு அறையில் சிவப்பு விளக்கு எரிகிறது என்றால் மைக் கேட்டுக்கொண்டிருக்கிறது; அப்போது உதட்டிலிருந்து ஒரு வீண் சொல் விழக்கூடாது. வசனம் முடிந்தபின் 'அப்பாடா' என்று சொன்ன ஒரு நடிகரை அவர் அப்படியே நிற்கவைத்துத் திட்டியதை நானே பார்த்திருக்கிறேன். சிவப்பு விளக்கு எரியும்போது இருமலைக்கூட அவர் யோசித்துத்தான் இருமுவார்.

இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு அண்ணன் படம் எடுக்கப் போகிறேன் என்று வந்து நின்றபோது, சினிமாவின் முதுகுப்பக்கத்தை மட்டுமே பார்த்துப் பழகிய அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கூடத்தின் நடுவில் நின்று கத்தினார். போ வெளியே, இனி இந்த வாசலை மிதிக்காதே என்றார். தொழில்முறைக் குரல் அல்லவா, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார்கள். அண்ணன் போய்விட்டான்.

அப்பாவின் கோபம் அன்று சாயங்காலம் வரைகூடத் தாங்கியிருக்காது. ஆனால் அவர் வாய்திறந்து கூப்பிட்டால்தான் வருவேன் என்று அண்ணன் இருந்தான். கதவு திறந்துதானே கிடக்கிறது, வருகிறவனை யார் தடுத்தது என்று அப்பா இருந்தார். வீம்பில் அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருந்தான். அம்மா இருந்திருந்தால் இரண்டு பேர் காதையும் திருகி ஒரே மேசையில் உட்காரவைத்திருப்பாள். அவள் நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே போய்விட்டாள். நடுவில் நான் மத்தளம். இரண்டு பக்கமும் இடி.

வருஷங்கள் ஓடின. அண்ணனுக்கு ஒரு வழியாகப் படம் கிடைத்தபோது, வீடு வாடகைக்கு எடுக்க வக்கில்லை. எங்கள் வீட்டைக் கேட்கலாமா என்று என்னிடம்தான் முனகினான். நான் அப்பாவிடம் சொன்னேன். திரைக்கதையைக் கொண்டுவரச் சொல்லி முழுக்கப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த வசனத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே" என்றார். வீட்டை எடுத்துக்கொள்ளட்டும், தான் மாடியில் இருந்துகொள்வதாகச் சொன்னார்.

அண்ணன் வந்தான், ஆனால் உள்ளே வரவில்லை. உலகத்தில் வேறெந்த இயக்குநரும் செய்திருக்க முடியாத காரியத்தைச் செய்தான். வாசலுக்கு வெளியே முற்றத்தில் தார்ப்பாய் கட்டி, ஒரு சின்னத் திரையை முன்னால் வைத்துக்கொண்டு, வாக்கி டாக்கியில் வீட்டுக் காட்சிகள் முழுவதையும் இயக்கினான். உள்ளே நடிகர்கள் கரகரவென்று வரும் கட்டளையைக் கேட்டு நடித்தார்கள். கைக்கடிகாரம் எப்படிக் கண்ணில் படும்? படத்தைப் பார்த்துவிட்டு இயக்குநர் எங்கே போயிருந்தார் என்று பலர் எழுதினார்கள். தார்ப்பாய்க்குக் கீழே இருந்தார் என்று நான் யாரிடம் சொல்வது?

அப்பா மாடியில் தன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக அந்தத் தார்ப்பாயையே பார்த்துக்கொண்டிருப்பார். வெயிலில் உட்கார்ந்திருக்கிறானே கிறுக்கன் என்பார். ஒரு நாள் தண்ணீர் எடுக்க இறங்கி வந்தவர், கேமரா ஓடுகிறது என்று தெரிந்ததும் பாதிப் படியில் நின்றுவிட்டார். அரங்கத்தை அடக்கிய நிழல் அதுதான். எடிட்டிங்கில் நான் அதை வெட்டவில்லை. அண்ணனும் வெட்டச் சொல்லவில்லை.

பேய்க்குக் குரல் கொடுக்கவும் ஆள் வேண்டும். அதற்கும் அப்பாதான் வந்தார். ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அண்ணன். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொண்டது அந்த அறையில்தான், அதுவும் மைக் வழியாக.

"சார், இன்னும் கொஞ்சம் கோவமா வேணும் சார்" என்றான் அண்ணன். பெற்ற அப்பனைச் சார் என்றான்.

"சரி டைரக்டர்" என்றார் அப்பா.

போ வெளியே, போ வெளியே என்று நாளெல்லாம் கத்தினார். அண்ணன் போதாது போதாது என்றான். என்னால் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை, எடிட்டிங் அறைக்குப் போய்விட்டேன். அதற்கடுத்த வாரமே அப்பா தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். ஒலிக்கலவை நடந்துகொண்டிருந்த சமயம். அண்ணன் அன்றும் வாசல் கேட்டுக்கு வெளியே நின்றான். அப்பாவை வெளியே கொண்டுவரும்வரை அங்கேயே நின்று, பிறகு கூடவே நடந்தான். அதன்பிறகு மீதி வேலையை நாங்கள் இரண்டு பேருமே ஏனோதானோ என்று விட்டுவிட்டோம். கடைசி ரீல் கலக்கும்போது அண்ணன் சோபாவில் தூங்கிப்போயிருந்தான். முழுதாகக் கேட்காமலே படம் அரங்குக்குப் போனது.

தியேட்டரிலிருந்து அவன் நேராக ஒலிப்பதிவுக் கூடத்துக்குத்தான் போனான். நான் பின்னாலேயே ஓடினேன். அங்கே இருந்தவர் எங்கள் ஒலிப்பொறியாளர். எதைக் கேட்டாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்பதால் அவருக்குச் 'சாய்வு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அப்பாவோடு பல வருஷம் வேலை பார்த்தவர். யார் அந்தக் குரலை வைத்தது என்று அண்ணன் கேட்டான். ஐயாதான் வைக்கச் சொன்னார் என்றார் சாய்வு. கடைசி அலறல் முடிந்தபோது அண்ணன் டைல்ஸ் கடைக்காரரோடு போனில் பேச வெளியே போயிருந்தானாம். அப்போது பதிவானதாம். அவர் இன்னும் சொல்ல வந்தார், அண்ணன் விடவில்லை.

"என் படத்தைக் கெடுக்கணும்னே பேசியிருக்காரு. அன்னைக்கு அக்கம்பக்கத்துல நாலு பேர் முன்னாடி. இன்னைக்கு தியேட்டர்ல அத்தனை பேர் முன்னாடி. போகும்போதும் என்னைப் பார்த்துச் சிரிக்க வச்சுட்டுப் போயிட்டாரு."

அந்த வசனத்தைத் தூக்கிவிட வேண்டும், வேறு யாரையாவது வைத்து அலறல் போட்டு வேறு பிரதி அனுப்ப வேண்டும் என்றான். அப்பா அவனிடம் வாய்திறந்து உள்ளே வா என்று சொன்ன ஒரே ஒரு தடவை அது. அதை இவனே தன் கையால் அழிக்கப் பார்க்கிறான். அழித்துவிட்டால் அப்பா அவனைக் கூப்பிடவே இல்லை என்று ஆகிவிடும். அவனும் அப்படியே நம்பிக்கொண்டு கிழவனாவான். நான் சொல்லிப் பார்த்தேன். உனக்கு எப்போதும் அவர் பக்கம்தான் என்று வாயை அடைத்துவிட்டான்.

சாய்வு ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு சிக்கல் என்றார். ஒரு குரலை எடுத்துவிட்டால் அந்த இடம் வெறும் குழியாகிவிடும். ஒவ்வொரு அறைக்கும் தனக்கென்று ஒரு வெறும் சத்தம் உண்டு, யாரும் பேசாதபோது இருக்கும் சத்தம். அதைப் போட்டுத்தான் குழியை மூட வேண்டும். படப்பிடிப்பில் ஜெனரேட்டர் ஓடியதால் அதை எடுக்க முடியவில்லை. அந்தக் கூடத்துக்கே போய் எடுத்தாக வேண்டும், இயக்குநரும் கூட இருந்து கேட்டுச் சரி சொல்ல வேண்டும் என்றார்.

அவர் கணினியில் எத்தனையோ வெறும் அறைகளின் சத்தம் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைவிட இன்னொன்றும் தெரியும். சாய்வு பொய் சொல்லும்போது மட்டும் தலை நேராக நிற்கும். அன்று நேராக நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் வண்டியை எடுக்கப் போனபோது, மீதியை அவர் என்னிடம் சொன்னார். அந்த வசனத்தைப் பேசியபிறகு, கடைசிக் காட்சிக்கு இதை வை என்று அப்பா கண்ணாடி வழியாகக் கை காட்டினாராம். டைரக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா ஐயா என்று இவர் தயங்கியிருக்கிறார்.

"அவன்கிட்டதானே சொல்லியிருக்கேன்" என்றாராம் அப்பா.

மத்தியானம் வீட்டுக்குப் போனோம். சாவி என்னிடம் இருந்தது. அப்பா போனபிறகு பூட்டியே கிடந்த வீடு. மூக்குக்கண்ணாடி அலமாரிமேல் அப்படியே இருந்தது. பிரம்பு நாற்காலி மாடி ஜன்னலை விட்டுக் கீழே கூடத்துக்கு எப்போது வந்தது என்று எனக்கு நினைவில்லை. வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவர்தான் கடைசி நாட்களில் இறக்கிப் போட்டிருக்க வேண்டும். வேறு யார்?

அண்ணன் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டான். ஹெட்போனை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான். அவனிடம் நீளமாகப் பேசிப் பயனில்லை என்று எனக்குப் பழக்கம். சாய்வு சொன்னதையும் நான் எடுத்துக்கொண்டு போகவில்லை. நான் அப்பா பக்கம் பேசினால் அவன் காது தானாக மூடிக்கொள்ளும்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். சிவப்பு விளக்கு எரியும்போது அப்பா என்னைக்காவது விளையாட்டுக்குப் பேசியிருக்காரா?"

ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

உள்ளே வந்து குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். சொட்டிய குழாயின் வாயில் துணி கட்டினேன். சாய்வு மைக்கை நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். எங்கள் மூச்சுச் சத்தம் விழக்கூடாது என்று இரண்டு பேரும் சமையலறைக்குப் போய்ச் சுவரோரம் நின்றோம். அங்கிருந்து வாசற்கதவும் நாற்காலியும் தெரிந்தன. வாசற்கதவு திறந்து கிடந்தது. ஒலிப்பதிவுக் கருவியின் சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது.

யாருமில்லாத வீடு என்று சொல்லிவிடுகிறோம். வெயில் சுவரில் நகர்ந்தது. எங்கோ ஒரு மரச்சட்டம் நெட்டி முறித்தது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது, இத்தனை பேய்ப் படம் வெட்டியவளுக்கு எப்படி இருக்கும்? ஆனாலும் அந்தக் கூடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, யாரோ ஒருவர் பொறுமையாகக் காத்திருக்கும் இடத்தில் நாங்கள் அழைப்பில்லாமல் வந்து ஒளிந்திருப்பதுபோல எனக்குக் கூச்சமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

கேட் கிறீச்சிட்டது. ஒலிப்பதிவு கெட்டது என்று நினைத்துச் சாய்வைப் பார்த்தேன். அவர் தலை சாய்ந்திருந்தது, கை அசையவில்லை. படியில் செருப்பு கழற்றும் சத்தம். பிறகு வெறுங்கால் சத்தம், நின்று நின்று வந்தது. அண்ணன் ஹெட்போனோடு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தான். திரும்பிக் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாளும் போட்டான். கூடத்தில் அன்று அப்பா அவனை வெளியே போகச் சொன்ன அதே இடத்தில் வந்து நின்றான். சிவப்பு விளக்கைப் பார்த்தான். அது எரிகிறது என்று தெரிந்துதான் பேசினான்.

"வந்துட்டேன்ப்பா."

அவ்வளவுதான். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு வாயைப் பொத்தி அழுதேன். அழுகைச் சத்தம் மைக்கில் விழக்கூடாதே என்று அப்போதும் ஒரு கவலை. அப்பா வளர்த்த பெண் அல்லவா.

வெகுநேரம் கழித்து அண்ணன் என்னிடம் கேட்டான், கூடத்தில் மூச்சு விட்டது யார் என்று. காதில் தெளிவாகக் கேட்டதாம். அதற்கு மேல் வெளியே நிற்க முடியவில்லையாம். நான்தான் என்றேன். நாங்கள் சமையலறையில் நின்றது அவனுக்கும் தெரியும். அந்தப் பதிவை நான் பலதடவை போட்டுப் பார்த்துவிட்டேன். கேட் சத்தத்துக்கு முன்னால் ஏதோ ஒன்று இருக்கிறது. வெயிலுக்கு நாற்காலிப் பிரம்பு தளர்ந்த சத்தம் என்கிறார் சாய்வு. அதைச் சொல்லும்போது அவர் தலை நேராக நிற்கிறது.

புதுப் பிரதி தயாரானது. அப்பாவின் குரலை யாரும் தொடவில்லை. அதற்குப் பின்னால் மட்டும் வெறுங்கால் சத்தமும், கதவு சாத்தும் சத்தமும், தாழ்ப்பாளும் சேர்ந்தன. 'வந்துட்டேன்ப்பா' என்பதை அண்ணன் சேர்க்கவிடவில்லை. அது படத்துக்குச் சொன்னது இல்லை என்றான். படத்தில் வேறெதுவும் மாறவில்லை. கதை மோசம்தான், பளிங்குக் குளியலறையும் கைக்கடிகாரமும் அப்படியே இருந்தன. டைல்ஸ் கடைக்காரர் என்னவோ செய்து தொலையுங்கள் என்று கைகழுவிவிட்டார்.

ஒரே ஒரு தியேட்டரில், ஒரே ஒரு பகல் காட்சி மிச்சமிருந்தது. நாங்கள் போய் உட்கார்ந்தோம். விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய கூட்டம். சிரிக்க வேண்டிய இடங்களில் எல்லாம் தவறாமல் சிரித்தார்கள். கடைசிக் காட்சியில் பேய் வாயைத் திறந்து உள்ள வா என்றபோதும் சிரித்தார்கள். பிறகு அந்தக் காலடிகள் அரங்கின் பின்பக்கத்திலிருந்து மெதுவாக வரத் தொடங்கின. ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு பெண் சட்டென்று திரும்பித் தியேட்டரின் கதவைப் பார்த்தாள். இன்னும் இரண்டு பேர் திரும்பினார்கள். அண்ணன் திரும்பவில்லை. படம் முடிந்து விளக்கு போட்டதும், சாவி என்னிடம் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றேன். வீட்டுக்குப் போகலாம் என்றான்.